பெருவெடிப்பும் இறைநம்பிக்கையும்: கோட்பாடு எதுவரை பேசுகிறது?

"அண்டத்துக்குத் தொடக்கம் உண்டு என்று அறிவியலே ஒப்புக்கொண்டுவிட்டது. தொடக்கம் இருந்தால் தொடங்கி வைத்தவனும் இருக்கத்தானே வேண்டும்?" என்பது ஒரு கட்சி. "எல்லாம் பெருவெடிப்பில் தானாக வந்தது. இனிமேல் கடவுளுக்கு அங்கே என்ன வேலை?" என்பது எதிர்க்கட்சி. வேடிக்கை என்னவென்றால், இருவரும் சாட்சிக்கு அழைப்பது ஒரே கோட்பாட்டை. அந்தக் கோட்பாடு எதை அளந்து சொல்கிறது, எந்த இடத்தில் வாயை மூடிக்கொள்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும். மீதிப் பாதி உண்மையான சண்டைதான். அதை வேறு இடத்தில் வைத்துத்தான் போட வேண்டும்.

அளந்து தெரிந்தது

பெருவெடிப்புக் கோட்பாட்டின் சாரம் மிகவும் எளியது. அண்டம் ஒரு காலத்தில் இப்போதைவிட மிக அடர்த்தியாகவும் மிகச் சூடாகவும் இருந்தது. விரிய விரியக் குளிர்ந்தது. இன்றும் விரிகிறது. கோட்பாடு சொல்வது இவ்வளவுதான். இருண்ட வெளியில் ஏதோ ஒரு மூலையில் ஒரு குண்டு வெடித்துத் துண்டுகள் சிதறியதாகக் கற்பனை செய்பவர்கள் அதிகம். "பெருவெடிப்பு" என்ற பெயரே அதற்குக் காரணம். அந்தப் பெயரை 1949 மார்ச்சில் பிபிசி வானொலிப் பேச்சில் முதலில் பயன்படுத்தியவர் பிரிட்டிஷ் வானியலாளர் ஃப்ரெட் ஹாயில். அவர் இந்தக் கோட்பாட்டை ஏற்காதவர்!

ஒரு ரப்பர் நாடாவில் 1 சென்டிமீட்டருக்கு ஒரு புள்ளி வைத்து, அதை இரண்டு மடங்கு நீளத்துக்கு இழுங்கள். ஏதாவது ஒரு புள்ளியில் நின்று பார்த்தால், பக்கத்துப் புள்ளி 1 சென்டிமீட்டரிலிருந்து 2 சென்டிமீட்டருக்குப் போயிருக்கும். பத்தாவது புள்ளி 10 சென்டிமீட்டரிலிருந்து 20-க்குப் போயிருக்கும். அதே நேரத்தில் முன்னது நகர்ந்தது 1 சென்டிமீட்டர், பின்னது 10. தொலைவு கூடக் கூட விலகும் வேகமும் கூடுகிறது. எந்தப் புள்ளியில் நின்று பார்த்தாலும் இதே காட்சிதான், ஆகவே எந்தப் புள்ளியும் மையம் இல்லை. 1929-இல் அமெரிக்க வானியலாளர் எட்வின் ஹபிள் கேலக்ஸிகளின் தொலைவையும் அவற்றின் ஒளியில் தெரியும் செம்பெயர்ச்சியையும் (விலகிச் செல்வதன் ஒளி சிவப்புப் பக்கம் நகர்வது) வரைபடத்தில் வைத்துக் காட்டியது இந்த விகிதத்தைத்தான். "வெடிப்பு எந்த இடத்தில் நடந்தது?" என்று கேட்டால் விடை, எல்லா இடத்திலும்.

விரிவை மட்டும் வைத்துக்கொண்டு சூடான தொடக்கக் காலம் இருந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது. அதைச் சொல்ல வைத்தவை வேறு இரண்டு சான்றுகள்.

முதலாவது ஹீலியம். இந்தக் கணக்கை ஒரு தாளில் போட்டுவிடலாம். அண்டத்தின் வயது ஒரு நொடி அளவில் இருந்தபோது புரோட்டான்களும் நியூட்ரான்களும் ஒன்றாக மற்றொன்று மாறிக்கொண்டிருந்தன. வெப்பநிலை இறங்கியதும் அந்த மாற்றம் நின்றுபோனது. அப்போது ஏறத்தாழ ஆறு புரோட்டானுக்கு ஒரு நியூட்ரான் என்ற விகிதம் எஞ்சியது. தனித்து இருக்கும் நியூட்ரான் நிலையானதல்ல. சுமார் 10 நிமிடத்தில் பாதி சிதைந்துவிடும். அணுக்கருக்கள் ஒட்டத் தொடங்குவதற்குச் சில நிமிடங்கள் ஆயின. அதற்குள் விகிதம் ஏழுக்கு ஒன்று ஆனது. இப்போது 14 புரோட்டான், 2 நியூட்ரான் என 16 துகள்களை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு நியூட்ரான்களும் இரண்டு புரோட்டான்களோடு சேர்ந்து ஒரு ஹீலியம் அணுக்கரு ஆகின்றன. மிச்சம் 12 புரோட்டான்கள், அதாவது ஹைட்ரஜன். எடையில் 16-க்கு 4 பங்கு ஹீலியம், 25 விழுக்காடு. நட்சத்திரங்களால் அதிகம் மாசுபடாத பழைய வாயு மேகங்களை அளந்தால் கிடைப்பதும் 25-ஐ ஒட்டிய எண்தான். நட்சத்திரங்கள் தம் உலைகளில் இதுவரை சமைத்த ஹீலியம் இதோடு ஒப்பிட்டால் சிறு பங்குதான். இத்தனை ஹீலியத்துக்கு வேறு விளக்கம் கிடைக்கவில்லை.

இரண்டாவது, பின்புலக் கதிர்வீச்சு. அண்டம் பிறந்து 3.8 லட்சம் ஆண்டுகள் ஆனபோது வெப்பநிலை சுமார் 3000 கெல்வினுக்கு இறங்கியது. எலெக்ட்ரான்கள் அணுக்களுக்குள் அடங்கின, ஒளி தடையின்றிப் பரவத் தொடங்கியது. அதன்பின் அண்டம் சுமார் 1100 மடங்கு விரிந்திருக்கிறது, அந்த ஒளியின் அலைநீளமும் அத்தனை மடங்கு நீண்டிருக்கிறது. 3000-ஐ 1100-ஆல் வகுத்தால் வருவது 2.7. 1948-இல் ரால்ஃப் ஆல்ஃபரும் ராபர்ட் ஹெர்மனும் 5 கெல்வின் அளவில் இப்படி ஒரு மிச்ச வெப்பம் இருக்க வேண்டும் என்று கணித்தார்கள். 1965-இல் ஆர்னோ பென்சியாஸும் ராபர்ட் வில்சனும் வேறொரு வேலைக்காக அமைத்த ஆன்டெனாவில், எத்திசையில் திருப்பினாலும் குறையாத ஓர் இரைச்சலாக அதைக் கண்டார்கள். இன்றைய துல்லிய அளவு 2.725 கெல்வின். நீங்கள் இருக்கும் இடத்தில் ஒவ்வொரு கன சென்டிமீட்டரிலும் இப்போதுகூட அந்தப் பழைய ஒளியின் ஃபோட்டான்கள் சுமார் 410 இருக்கின்றன. பிளாங்க் செயற்கைக்கோள் அந்த ஒளியின் நுண்ணிய ஏற்ற இறக்கங்களை அளந்துதான் அண்டத்தின் வயதை 1380 கோடி ஆண்டுகள் என்று நிறுவியது.

அளக்க முடியாமல் நின்ற இடம்

ஒரு நொடி வயதிலிருந்து இன்றுவரையிலான வரலாறு உறுதியானது. ஹீலியம் கணக்கே அதற்குச் சான்று. ஒரு நொடிக்கும் முன்னால், நொடியின் லட்சம் கோடியில் ஒரு பங்கு வரை, துகள் முடுக்கிகளில் சோதித்துப் பார்த்த இயற்பியலே போதும். அதற்கும் முன்னால் போனால் பெருவீக்கம் என்ற கருதுகோள் வருகிறது. மிகக் குறுகிய கணத்தில் அண்டம் கட்டுக்கடங்காமல் ஊதியது என்பது அது. பின்புலக் கதிர்வீச்சின் சில இயல்புகளை அது நன்றாகவே விளக்குகிறது, ஆனால் வழக்கு இன்னும் முடியவில்லை. அதற்கும் பின்னால் ஒரு சுவர் நிற்கிறது. ஒரு நொடியை, 1-க்குப் பின் 43 பூஜ்யங்கள் போட்ட எண்ணால் வகுத்தால் வரும் காலம் அது. அந்த அளவில் ஐன்ஸ்டைனின் ஈர்ப்புக் கோட்பாட்டையும் குவாண்டம் இயற்பியலையும் சேர்த்துப் பயன்படுத்த வேண்டும். அப்படிச் சேர்ந்த, சோதித்து ஏற்கப்பட்ட கோட்பாடு இன்றுவரை கைவசம் இல்லை.

பூஜ்யம் நொடி என்பது யாரும் பார்த்த நிகழ்ச்சி இல்லை. ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளைப் பின்னோக்கி ஓட்டினால் அடர்த்தி முடிவிலிக்குப் போகும் இடம் அது. ஒரு சமன்பாடு முடிவிலியைத் துப்பினால் இயற்பியலாளர்கள் அதைக் கண்டுபிடிப்பாகக் கொண்டாடுவதில்லை. அந்தச் சமன்பாட்டின் எல்லை வந்துவிட்டது என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். அதற்கு முன் வேறொரு நிலை இருந்ததா, சுருங்கிய அண்டம் ஒன்று திரும்ப எழும்பியதா, காலம் என்பதே அங்கே பொருளற்றுப்போகிறதா? எல்லாவற்றுக்கும் மாதிரிகள் உண்டு. எதற்கும் தீர்ப்பு இல்லை.

முதல் பத்தியில் சொன்ன இரண்டு கட்சிகளும் கால் ஊன்றி நிற்பது இந்தப் பூஜ்யம் நொடியில்தான். ஒருவர் அங்கே கடவுளை நிறுத்துகிறார், மற்றவர் அங்கே கடவுள் இல்லை என்கிறார். கோட்பாடோ அந்த இடத்துக்கு வந்து சேரவே இல்லை.

பாதிரியாரின் கோட்பாடு

இந்தக் கோட்பாட்டின் தந்தை என்று யாரையாவது சொல்வதானால் பெல்ஜியம் நாட்டவரான ஜார்ஜ் லெமைத்ரைத்தான் சொல்ல வேண்டும். அவர் கத்தோலிக்கப் பாதிரியார், 1923-இல் குருப்பட்டம் பெற்றவர். லூவேன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். உடனே எழும் சந்தேகம் ஒன்று உண்டு: வேதத்தில் உள்ள படைப்புக் கதையைச் சமன்பாட்டுக்குள் மறைத்துக் கொண்டுவந்துவிட்டாரோ? அந்தக் காலத்தில் பலருக்கு இந்தச் சந்தேகம் இருந்தது. ஸ்டாலின் காலச் சோவியத் ஒன்றியத்தில் இதை மத வாடை வீசும் கோட்பாடு என்றே கண்டித்தார்கள்.

ஆனால் அவருடைய கட்டுரைகளைத் தேதிவாரியாக அடுக்கிப் பார்த்தால் இந்தச் சந்தேகம் நிற்காது. 1927-இல் அவர் வெளியிட்ட விரியும் அண்டத்துக்குத் தொடக்கமே கிடையாது! முடிவற்ற கடந்த காலத்தில் ஏறக்குறைய அசையாமல் இருந்து, மெல்ல மெல்ல விரியத் தொடங்கிய அண்டம் அது. அப்போதும் அவர் பாதிரியார்தான். தொடக்கம் பற்றிய யோசனை 1931-இல் நேச்சர் இதழுக்கு எழுதிய சிறு கடிதத்தில் வருகிறது. அதற்கு அவர் காட்டிய காரணங்களும் குவாண்டம் இயற்பியலிலிருந்தும் வெப்ப இயக்கவியலிலிருந்தும் வந்தவை. நம்பிக்கை மாறாத ஒரே மனிதர், தொடக்கம் இல்லாத மாதிரி, தொடக்கம் உள்ள மாதிரி இரண்டையும் நான்கே ஆண்டு இடைவெளியில் எழுதியிருக்கிறார். அவர் நம்பிக்கை இரண்டில் எதையும் சார்ந்திருக்கவில்லை.

அந்தக் கடிதத்தின் தட்டச்சுப் பிரதி இன்றும் இருக்கிறது. கடைசியில் கடவுளைப் பற்றி ஒரு பத்தி எழுதி, அதைத் தானே அடித்திருக்கிறார். கடவுள் இயல்பாகவே மறைந்திருப்பவர், படைப்பை மூடி மறைக்கும் திரை ஒன்றை இன்றைய இயற்பியல் தருவதைக் கண்டு நம்பிக்கையாளர் மகிழலாம் என்பது அதன் கருத்து. இயற்பியல் கடவுளைக் காட்டிக்கொடுக்கிறது என்று அதில்கூட அவர் எழுதவில்லை. அந்த அளவையும் இதழில் வரவிடவில்லை.

1951 நவம்பரில் போப் பன்னிரண்டாம் பயஸ், திருப்பீட அறிவியல் கழகத்தில் ஆற்றிய உரையில், இன்றைய அறிவியல் "ஒளி உண்டாகட்டும்" என்ற ஆதி வாக்குக்குச் சாட்சி சொல்வதாகப் பேசினார். லெமைத்ருக்கு இது பிடிக்கவில்லை. 1952 செப்டம்பரில் ரோமில் பன்னாட்டு வானியல் மாநாடு கூடியபோது போப் வந்திருந்தவர்களிடம் மீண்டும் உரையாற்றினார், ஆனால் அந்த வாதத்தை மட்டும் மீண்டும் எழுப்பவில்லை. தன் கோட்பாடு சமயக் கேள்விகளுக்கு முற்றிலும் வெளியே நிற்பது என்று 1958-இல் லெமைத்ர் வெளிப்படையாகவே சொன்னார். கடவுளை மறுப்பவர் அதை ஏற்றுக்கொண்டு மறுக்கலாம், நம்புபவர் ஏற்றுக்கொண்டு நம்பலாம் என்பது அவர் நிலை.

மறுபக்கத்தில் ஹாயில். 1948-இல் ஹெர்மன் பாண்டியும் தாமஸ் கோல்டும் ஒரு கட்டுரையிலும், ஹாயில் தனியாக இன்னொன்றிலும் மாறா நிலைக் கோட்பாட்டை வெளியிட்டார்கள். அண்டம் விரிகிறது, ஆனால் இடையிடையே புதிய அணுக்கள் மிக மெதுவாகத் தோன்றி அடர்த்தி குறையாமல் பார்த்துக்கொள்கின்றன. எனவே தொடக்கம் தேவையில்லை. தொடக்கம் என்ற சொல்லில் சமய வாடை அடித்தது ஹாயிலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்பது உண்மை. ஆனால் அந்தக் கோட்பாடு தோற்றதற்குக் காரணம் அதுவல்ல. தொலைவில், அதாவது பழங்காலத்தில், ரேடியோ ஊற்றுகள் (ரேடியோ அலைகளை வீசும் வான்பொருள்கள்) இப்போதைவிட அதிகமாக இருந்தன என்று எண்ணிக்கை காட்டியது. பின்புலக் கதிர்வீச்சுக்கும் அதில் இயல்பான விளக்கம் இல்லை. கோட்பாட்டை உருவாக்கியவரின் விருப்பு வெறுப்பு அதை நிறுத்தவும் இல்லை, வீழ்த்தவும் இல்லை.

எந்த மதத்தின் கேள்வி?

"அறிவியலும் மதமும்" என்று பொதுவாகப் பேசும்போது எல்லா மதங்களும் அண்டத்துக்கு முதல் நாள் ஒன்று வேண்டும் என்று கேட்பதாக நினைத்துக்கொள்கிறோம். இது பெரிய பிழை. யூத, கிறித்தவ, இஸ்லாமிய மரபுகளில் படைப்பு என்பது மையக் கருத்து. சைவ சித்தாந்தத்தில் பதி (இறைவன்), பசு (உயிர்), பாசம் (தளை) மூன்றும் அநாதி, அதாவது தொடக்கமில்லாதவை. உலகம் மாயையிலிருந்து தோன்றி, நின்று, ஒடுங்கி, மறுபடி தோன்றும். "உள்ளது போகாது, இல்லது வாராது" என்பது அங்கே அடிப்படை விதி. ஒன்றுமில்லாததிலிருந்து ஒன்று வந்தது என்பதை அந்த மரபே ஏற்பதில்லை. சமணத்தில் உலகத்தைப் படைத்தவர் என்று யாரும் கிடையாது, உலகம் என்றும் உள்ளது. உலகம் நிலையானதா, முடிவுள்ளதா என்று கேட்டபோது புத்தர் பதில் சொல்ல மறுத்தார். துன்பம் தீர அது உதவாது என்பது அவர் காரணம். ஆகவே நாளைக்கே பூஜ்யம் நொடி உறுதியானால் சமணருக்கு ஒரு சிக்கல், கிறித்தவருக்கு ஒரு வசதி. சுழற்சி அண்டம் உறுதியானால் நிலைமை தலைகீழ். இருவருக்கும் பொதுவாக "மதம் வென்றது" அல்லது "மதம் தோற்றது" என்று சொல்ல வழியே இல்லை.

படைப்பை ஏற்கும் மரபுகளுக்குள்ளும் ஒரு முக்கியமான பிரிவினை உண்டு. தொடக்கம் வேறு, சார்ந்திருத்தல் வேறு. 13-ஆம் நூற்றாண்டில் கத்தோலிக்க இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ் இதை அழுத்தமாகச் சொன்னார். உலகத்துக்குத் தொடக்கம் உண்டு என்பதைத் தர்க்கத்தால் நிறுவ முடியாது, அதை நம்பிக்கையால்தான் ஏற்கிறோம் என்றார். உலகம் என்றென்றும் இருந்து வந்ததாகவே வைத்துக்கொண்டாலும், ஒவ்வொரு கணமும் அது இருப்பதற்குக் கடவுளைச் சார்ந்திருக்கும் என்பது அவர் வாதம். அவர் சொல்லும் படைப்பு, முதல் நாள் வேலை அல்ல. மோசமான வாதங்களை வைத்துத் தொடக்கத்தை நிறுவப்போனால் நம்பாதவர்கள் சிரிப்பார்கள் என்றும் எச்சரித்தார். இந்தப் பொருளில் "படைப்பு" என்பதை எந்தத் தொலைநோக்கியும் சரி என்றோ தவறு என்றோ சொல்ல முடியாது. அது பலமா பலவீனமா என்பதை மெய்யியலில் வைத்துத்தான் வாதாட வேண்டும்.

எதிர்த்திசையில் போனவர் அல் கஸாலி. 1111-இல் மறைந்த இந்த இஸ்லாமிய அறிஞரின் வாதம் இன்று இணைய விவாதங்களில் அதிகம் அடிபடுகிறது. தொடங்கும் எதற்கும் காரணம் உண்டு, உலகம் தொடங்கியது, எனவே உலகத்துக்குக் காரணம் உண்டு. வடிவத்தில் குற்றமில்லை. சிக்கல் இரண்டாவது வாக்கியத்துக்குப் பெருவெடிப்பைச் சான்றாக வைக்கும்போது வருகிறது. மேலே பார்த்தபடி கோட்பாடு தொடக்கம்வரை போகவில்லை. 2003-இல் போர்ட், கூத், விலென்கின் என்ற மூன்று இயற்பியலாளர்கள் நிறுவிய தேற்றத்தை இதற்குத் துணைக்கு அழைப்பார்கள். சராசரியாக விரிந்துகொண்டே வந்த அண்டத்தைக் கடந்த காலத்தில் முடிவின்றி நீட்ட முடியாது, ஓர் எல்லை வரும் என்பதே அந்தத் தேற்றம். அந்த எல்லைக்கு அப்பால் வேறு இயற்பியல் வேண்டும் என்பதுதான் அதிலிருந்து கிடைக்கிறது. அப்பால் எதுவுமே இல்லை என்பது கிடைப்பதில்லை.

நாத்திகத் தரப்பில் அதே அளவுக்குப் பரவலான ஒரு சறுக்கல் உண்டு. "குவாண்டம் வெற்றிடத்தில் துகள்கள் தாமாகத் தோன்றுகின்றன, அண்டமும் அப்படி ஒன்றுமில்லாததிலிருந்து தோன்றியது" என்பார்கள். குவாண்டம் வெற்றிடம் ஒன்றுமில்லாதது இல்லை. அதில் புலங்கள் இருக்கின்றன, ஆற்றல் இருக்கிறது, அவை கட்டுப்படும் விதிகள் இருக்கின்றன. அண்டம் அதிலிருந்து தோன்றியிருக்கலாம். நல்ல அறிவியல் கருதுகோள்தான். ஆனால் "ஏதுமே இல்லாமல் போகாமல் ஏன் ஏதோ ஒன்று இருக்கிறது?" என்ற கேள்வி அப்படியே நிற்கிறது, இப்போது புலங்களையும் விதிகளையும் பார்த்து.

நூலில் ஏற்கெனவே இருக்கிறதே!

தமிழில் இந்தத் தலைப்பைத் தொட்டால் இது வராமல் போகாது. பழைய நூல் ஒன்றிலிருந்து ஒரு வரியை எடுத்து, புதிய கண்டுபிடிப்பு ஒன்றின் பக்கத்தில் வைத்து, முன்னோர் அன்றே அறிந்திருந்தார்கள் என்பது. எல்லா மதத்தாரும் செய்கிறார்கள். இதில் எங்கே கோளாறு வருகிறது என்று ஒரு கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம்.

புராணக் காலக்கணக்கில் ஒரு மகாயுகம் 43,20,000 ஆண்டுகள். ஆயிரம் மகாயுகம் பிரம்மாவின் ஒரு பகல், அதாவது ஒரு கல்பம், 432 கோடி ஆண்டுகள். பூமியின் வயது 454 கோடி. பக்கத்தில் வந்துவிட்டதே என்று தோன்றும். ஆனால் கல்பம் என்பது பகலின் முழு நீளம், நாம் அந்தப் பகலின் நடுவில் இருக்கிறோம். எவ்வளவு கழிந்தது என்பதும் அதே மரபில் இருக்கிறது. பூசைத் தொடக்கத்தில் நாளையும் இடத்தையும் கூறும் சங்கல்பத்தில் சொல்வது வைவஸ்வத மன்வந்தரத்தின் 28-ஆவது கலியுகம். இது ஏழாவது மன்வந்தரம். ஒரு மன்வந்தரம் 71 மகாயுகம், 30,67,20,000 ஆண்டுகள். ஆறு முடிந்தவை 184,03,20,000. தொடக்கத்திலும் இடையிலும் வரும் ஏழு சந்திகள் (இடைக்காலங்கள்) 1,20,96,000. நடப்பில் முடிந்த 27 மகாயுகங்கள் 11,66,40,000. நடப்பு மகாயுகத்தில் முடிந்த மூன்று யுகங்கள் 38,88,000. கலியில் 5,100 ஆண்டுகளுக்கு மேல் கழிந்தாயிற்று. கூட்டினால் சுமார் 197 கோடியே 29 லட்சம். இது பூமியின் வயதும் இல்லை, அண்டத்தின் வயதும் இல்லை.

சுவையான பகுதி இனிமேல்தான். 1929-இல் ஹபிள் அளந்த விரிவு வேகத்தை வைத்து அண்டத்தின் வயதைக் கணக்கிட்டால் வருவது சுமார் 196 கோடி ஆண்டுகள்! 1930-களில் யாராவது இரண்டு எண்களையும் அருகருகே வைத்திருந்தால் நூற்றுக்கு ஒன்றுகூட வித்தியாசமில்லாத பொருத்தம் கிடைத்திருக்கும். பிழை ஹபிளிடம் இருந்தது. தொலைவை அளக்க உதவும் விண்மீன்களில் இரண்டு வகை உண்டு என்று அப்போது தெரியாது. 1952 ரோம் மாநாட்டில், மேலே போப் உரையாற்றியதாகச் சொன்ன அதே மாநாட்டில், வானியலாளர் வால்ட்டர் பாடே அதைத் திருத்தி, தொலைவுகளை இரட்டிப்பாக்கினார். வயதும் இரட்டித்தது. பிறகு மேலும் திருத்தங்கள், மேலும் உயர்வு. அளவு மாறியதும் பொருத்தம் காணாமல் போகிறது. அப்போது நூல் பொய்த்ததா? இல்லை. நூல் அந்த எண்ணை அளந்து சொல்லவே இல்லை. பொருத்திப் பார்த்தவர்தான் அதை அந்தக் களத்துக்கு இழுத்து வந்தார்.

மற்ற எடுத்துக்காட்டுகளும் இதே வழியில்தான் போகும். திருவாசகத்தின் திருவண்டப் பகுதியில் அண்டங்கள் "நூற்றொரு கோடியின் மேற்பட விரிந்தன" என்று வருவதை விரியும் அண்டம் என்று வாசிப்பவர்கள் உண்டு. அங்கே பேசப்படுவது எண்ணிக்கையின் பெருக்கம், அவற்றுக்கெல்லாம் பெரியோன் இறைவன் என்பதற்காக. குர்ஆனின் 21:30 வசனத்தில் இணைந்திருந்த வானமும் பூமியும் பிரிக்கப்பட்டன என்று வருவது பெருவெடிப்பாக வாசிக்கப்படுகிறது. ஆனால் பூமி உருவானது பெருவெடிப்புக்கு 900 கோடி ஆண்டுகளுக்கும் பிறகு. பழைய விரிவுரையாளர்களில் ஒரு சாரார் மழையின்றி அடைபட்ட வானமும் பயிரின்றி அடைபட்ட நிலமும் திறந்துவிடப்பட்டதாகவே பொருள் கொண்டார்கள். ஆதியாகமத்தில் ஒளி முதல் நாள், செடிகொடிகள் மூன்றாம் நாள், சூரியன் நான்காம் நாள். முதல் நாளை மட்டும் எடுத்துக்கொண்டால் பொருந்தும், நான்கையும் எடுத்தால் பொருந்தாது.

இப்படி ஒரு கூற்று கண்ணில் பட்டால் கேட்க வேண்டியது ஒன்றுதான்: கண்டுபிடிப்பு வருவதற்கு முன்பு அந்த வரியைப் படித்த யாராவது அதிலிருந்து அதைச் சொன்னார்களா? பதில் எப்போதும் இல்லை என்றே வருகிறது.

உண்மையிலேயே மோதும் இடம்

அறிவியல் ஒரு வட்டம், மதம் இன்னொரு வட்டம், இரண்டும் தொடவே தொடாது என்று சமாதானம் சொல்பவர்கள் உண்டு. கேட்க இதமாக இருக்கும், முழுக்க உண்மையில்லை. மத நூலின் பெயரால் அளந்து பார்க்கக்கூடிய ஒன்றைச் சொன்னால் அது அளவுக்கு உட்பட்டே ஆக வேண்டும். 17-ஆம் நூற்றாண்டில் பேராயர் ஜேம்ஸ் அஷர் பைபிள் வம்சாவளிகளைக் கூட்டிக் கழித்து உலகம் கி.மு. 4004-இல் படைக்கப்பட்டது என்றார். உலகத்தின் வயது ஆறாயிரம் ஆண்டுகள்தான் என்று இன்றும் நம்புபவர்கள் உண்டு.

1987 பிப்ரவரியில், நம் அருகிலுள்ள சிறு கேலக்ஸியான பெரிய மெகல்லன் மேகத்தில் ஒரு விண்மீன் வெடித்தது. தொலைவு சுமார் 1,68,000 ஒளியாண்டு. விண்மீனைச் சுற்றியிருந்த வாயு வளையம் வெடிப்பின் ஒளி பட்டு ஒளிர எத்தனை நாள் ஆனது என்பதிலிருந்து வளையத்தின் உண்மையான அளவு கிடைத்தது, வானத்தில் அது தெரியும் கோண அளவோடு சேர்த்தால் தொலைவு நேரடியாக வடிவகணிதத்தில் வந்துவிடுகிறது. ஒளி வந்துசேர ஆறாயிரம் ஆண்டு போதாது. "ஒளியைப் பாதி வழியில் வைத்தே படைத்தார்" என்று பதில் சொல்வார்கள். அப்படியானால் நாம் பார்த்த வெடிப்பு நடக்கவே இல்லை. கண்ணுக்குத் தெரியும் ஒளிக்குச் சில மணி நேரம் முன்பே பூமியிலிருந்த கருவிகளில் பதிவான நியூட்ரினோக்கள் என்ற நுண்துகள்களும் நடக்காத ஒரு நிகழ்ச்சியின் தடயங்களாக முன்கூட்டியே தயாரிக்கப்பட்டவை என்றாகிறது. இதை அறிவியலால் பொய்ப்பிக்க முடியாது. ஆனால் அப்படி ஏமாற்றும் கடவுளை எந்த மரபும் கும்பிடுவதாகத் தெரியவில்லை.

மோதல் இன்னொரு வகையிலும் வரும், விளக்கம் கிடைக்காத இடத்தில் கடவுளை அமர்த்தும்போது. கோள்களின் பாதைகள் நாளடைவில் குலைந்துபோகும், கடவுள் அவ்வப்போது சரிசெய்ய வேண்டியிருக்கும் என்று நியூட்டன் கருதினார். வியாழனும் சனியும் காட்டிய தடுமாற்றம் அவற்றின் பரஸ்பர ஈர்ப்பால் வரும் நீண்ட சுழற்சிதான் என்று 1780-களில் பிரெஞ்சுக் கணிதவியலாளர் லாப்லாஸ் கணக்கிட்டுக் காட்டினார். நியூட்டன் கடவுளுக்கு ஒதுக்கிய வேலை போயிற்று. பூஜ்யம் நொடியில் கடவுளை அமர்த்துபவர்கள் எடுக்கும் ஆபத்தும் இதுவே.

கடவுளுக்கு ஆதரவாக இயற்பியலிலிருந்து எடுக்கும் வாதங்களில் சற்றே கனமானது எதுவென்றால், மாறிலிகளின், அதாவது இயற்கை விதிகளில் வரும் மாறாத எண்களின், நுட்பமான பொருத்தம்தான். 1953-இல் ஹாயில், கார்பன் அணுக்கருவுக்கு 7.65 மில்லியன் எலெக்ட்ரான் வோல்ட் அருகே ஓர் ஆற்றல் நிலை இருந்தாக வேண்டும் என்றார். இல்லாவிட்டால் விண்மீன்களில் போதிய கார்பன் உருவாகாது. சோதித்தார்கள், இருந்தது. பின்னாளில் இந்தத் தற்செயலை நினைத்து அவரே வியந்து, இயற்பியலோடு ஏதோ ஓர் அறிவு விளையாடியிருப்பது போலத் தோன்றுகிறது என்று எழுதினார். இதற்குப் பல அண்டங்கள் என்ற பதிலைச் சொல்வார்கள். எண்ணற்ற அண்டங்களில் மாறிலிகள் வெவ்வேறாக இருக்கும், உயிர் வாழ இடம் கொடுக்கும் அண்டத்தில்தான் நாம் இருந்து வியக்க முடியும் என்பது. அந்த அண்டங்களை யாரும் பார்த்ததில்லை. மறுபக்கத்தில், "இப்படி அமைவதற்கான வாய்ப்பு மிகக் குறைவு" என்று சொல்ல, மாறிலிகள் எந்தெந்த மதிப்பை எந்த விகிதத்தில் எடுத்திருக்கலாம் என்று தெரிய வேண்டும். கையில் இருப்பதோ ஒரே ஓர் அண்டம். இரண்டு தரப்பும் கடனில்தான் வாதாடுகின்றன.

இப்போது அண்டவியலில் நடந்துகொண்டிருக்கும் தகராறுகளும் இதைத் தொடாமல் இருக்காது. பின்புலக் கதிர்வீச்சிலிருந்து கணித்த விரிவு வேகம் 67-ஐ ஒட்டியும், அருகிலுள்ள கேலக்ஸிகளை அளந்து பெற்றது 73-ஐ ஒட்டியும் வருகின்றன, ஒரு மெகாபார்செக்குக்கு (சுமார் 32.6 லட்சம் ஒளியாண்டு) நொடிக்கு இத்தனை கிலோமீட்டர் என்ற கணக்கில். இடைவெளி அடைபடவில்லை. விரிவை முடுக்கும் இருண்ட ஆற்றல் மாறாதது என்ற அனுமானத்தையும், கேலக்ஸிகளின் பரவலை வரைபடமாக்கும் டெசி ஆய்வு 2024 முதல் கேள்விக்கு உட்படுத்தியிருக்கிறது. அது குறைந்துகொண்டே போய் அண்டம் என்றோ சுருங்கும் என்று தெரியவந்தால் சுழற்சி அண்ட மாதிரிகளுக்கு மவுசு திரும்பும். அன்று கல்பக் கணக்கோடு பொருத்தம் காட்டும் காணொளிகள் பெருகும். பூஜ்யம் நொடியை முட்டுக்கொடுத்து நிறுத்திய வாதங்கள் வேறு முட்டுத் தேடும். உலகம் ஒவ்வொரு கணமும் இறைவனைச் சார்ந்திருக்கிறது என்பவரும், அப்படி எதையும் சாரவில்லை என்பவரும் அந்தச் செய்தியைப் படித்துவிட்டுத் தங்கள் வாதத்தை விட்ட இடத்திலிருந்தே தொடரலாம்.